உங்கள் மிருகம் எதைத் தின்னும்? கற்பனை உயிரினங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நூலகத்து அறை ஒன்றில் கூடி, ஆளுக்கொரு ஃபேன்டசி கதையை வாசித்துக் குறைநிறை பேசுவோம். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியை, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகள் என்று கலவையான கூட்டம். புதிதாக வருபவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் மிருகங்களைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். என் சாய்வுகள் இதில் நிறைய இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை வந்து சண்டை போடலாம்.

புதிதாக ஒரு மிருகத்தை உருவாக்க எங்கிருந்து தொடங்குவது?

வயிற்றிலிருந்து.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஒன்பது வயதுப் பெண். பல வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். அதில் வரும் மிருகத்துக்கு எட்டுக் கால், மூன்று கொம்பு, முதுகெல்லாம் முள், வால் நுனியில் ஒரு கண். அரைப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். பெருமையாக வாசித்து முடித்தபோது அந்தப் பெண் கையைத் தூக்கி, "அங்கிள், அது எங்கே கக்கூஸ் போகும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் ரயிலில்தான் உறைத்தது, எனக்குப் பதில் தெரியவில்லை என்று. அது எதைத் தின்கிறது என்றே நான் யோசித்திருக்கவில்லை. அப்புறம் மற்றது எப்படித் தெரியும்?

தீனியைத் தீர்மானித்துவிட்டால் மீதியெல்லாம் பின்னால் வரும். தின்பதற்கேற்ற பல், அது கிடைக்கும் இடத்தில் வீடு, அது கிடைக்கும் நேரத்தில் விழிப்பு. அதே தீனிக்குப் போட்டி போடுகிறவர்கள் எதிரிகள். நம் ஊர் நீர்நாயைப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே காணாமலே போயிருந்தது, 1990களில் திரும்பி வந்தது. தின்பது மீன். ஆகவே கால்வாயோரம் குடித்தனம். மீன் எங்கே சுலபமாகக் கிடைக்கும்? கொண்டோமினியம் என்ற தனியார் அடுக்குமாடி வீடுகளின் குளத்தில். அங்கே நீந்தும் கோய் மீன் ஒவ்வொன்றும் கொள்ளை விலை. ஆகவே ஊரில் ஒரு பாதி நீர்நாயைக் கொஞ்சுகிறது, இன்னொரு பாதி புகார் எழுதுகிறது. குடும்பம் குடும்பமாக எல்லை பிரித்துக்கொண்டு அவை தங்களுக்குள்ளும் கடித்துக் குதறிக்கொள்கின்றன. மீன் தின்னும் என்ற ஒரே விஷயத்திலிருந்து இவ்வளவு கதை முளைத்திருக்கிறது. கொம்பு எத்தனை என்று யாரும் கேட்கவே இல்லை.

இரண்டு மூன்று மிருகங்களை ஒட்டவைத்தால் புது மிருகம் ஆகாதா? சிங்கத் தலையும் மீன் உடம்பும் கொண்ட மெர்லயனே அப்படித்தானே பிறந்தது?

பொம்மை ஆகும். கதைக்குப் போதாது.

மெர்லயனை நான் மட்டம் தட்டவில்லை, அது நல்ல பாடம். 1964இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக அதை வடிவமைத்தவர் அலெக் ஃபிரேசர்-பிரன்னர். ஃபோர்ட் கேனிங் குன்றடியில் அப்போது இருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் காப்பாளர். நிஜ மீன்களின் செவுளையும் துடுப்பையும் கரைத்துக் குடித்த மனிதர், இல்லாத மீன் ஒன்றை வரைந்து, அதனாலேயே நினைக்கப்படுகிறார். எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

லிம் நாங் செங் செய்த சிலை 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. 1972 செப்டம்பர் 15 அன்று ஆற்றுமுகத்தில் திறந்தார்கள். 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். 2009இல் மின்னல் விழுந்து சேதம். சிலைக்கு இவ்வளவு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. மிருகத்துக்கு? முட்டையிடுமா, குட்டி போடுமா? தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருக்கிறதே, எதற்கு? தலை 'சிங்கபுரம்' என்ற பெயரைச் சொல்கிறது, உடம்பு இது கடலோர ஊர் என்கிறது, அத்தோடு சின்னத்தின் வேலை முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் இதை வைத்தே ஒரு பயிற்சி கொடுப்பேன்: அது துப்புவதற்குக் காரணம் கண்டுபிடியுங்கள். பட்டறைத் தம்பி ஒருவர் எழுதினார்: மெர்லயன் கடல்நீரைக் குடித்து, உப்பை வயிற்றில் நிறுத்திக்கொண்டு, நல்ல தண்ணீரை ஊருக்குத் துப்புகிறது, அந்த உப்பு உள்ளேயிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்கிக்கொண்டு வருகிறது, இப்போது கழுத்துவரை கல். அதைக் கேட்ட பிறகு மரினா பே பக்கம் போனால் அதன் கழுத்தைத்தான் பார்க்கிறேன்.

இதே ஊரில் இன்னும் பழைய மர்ம மிருகம் ஒன்றும் உண்டு. சங் நீல உத்தமா என்ற இளவரசர், துமாசிக் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த ஊரின் கரையில் கண்டதாக மலாய் வரலாற்று நூல் சொல்வது: சிவந்த உடல், கறுத்த தலை, வெண்மார்பு, ஆட்டுக்கிடாவைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல வேகம். கூட இருந்தவர் அது சிங்கமாகத்தான் இருக்கும் என்றார், ஊருக்குப் பெயரும் வந்துவிட்டது. இங்கே சிங்கம் வாழ்ந்ததே இல்லை. புலியைத்தான் பார்த்திருப்பார் என்று சொல்லி மூடிவிடுவது ஆராய்ச்சியாளர் வேலை. கறுத்த தலையும் வெள்ளை மார்பும் உள்ள எந்தப் புலியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? அந்த இடைவெளி நமக்காகத்தான் திறந்து கிடக்கிறது.

யாளியை விட்டால் தமிழில் என்ன இருக்கிறது? எல்லாம் மேற்கிலிருந்துதானே எடுக்க வேண்டியிருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பாட்டுகளில் அசுணம் என்று ஒன்று வருகிறது. யாழிசை கேட்டால் சொக்கி நிற்கும். பறையின் முழக்கம் காதில் விழுந்தால் உயிரை விட்டுவிடும். அதைப் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் யாழை வாசித்து மறைவிலிருந்து வெளியே வரவைப்பார்கள், பிறகு பறையை அடிப்பார்கள். அகநானூறு 88ஆம் பாட்டில் மலைக் குகையில் கிடக்கும் அசுணம் வண்டுக் கூட்டத்தின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்துக் காதுகொடுக்கிறது. நற்றிணை 304இல் மாறோக்கத்து நப்பசலையார் இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் பாருங்கள்: தலைவனின் மார்பு "அசுணம் கொல்பவர் கைபோல்" இன்பமும் துன்பமும் உடையது என்கிறாள் தலைவி. யாழை மீட்டியதும் அதே கை, பறையை அறைந்ததும் அதே கை.

சரி, அசுணம் எப்படி இருக்கும்? எத்தனை கால், என்ன நிறம்? பாட்டில் இல்லை. அது விலங்கா பறவையா என்பதிலேயே பின்னால் வந்தவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எதைக் கேட்டால் மயங்கும், எதைக் கேட்டால் சாகும் என்ற இரண்டு பழக்கத்தை வைத்துக்கொண்டே அது இத்தனை நூற்றாண்டு உயிரோடு இருந்திருக்கிறது.

மற்றதும் அப்படித்தான். குறுந்தொகை 57இல் வரும் மகன்றில் நீரில் சோடியாக வாழும் பறவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூ வந்துவிட்டால்கூட ஒரு வருடம் பிரிந்ததுபோல் தவிக்கும். நாலடியாரில் ஒரு பறவை நீரை விட்டுவிட்டுப் பாலை மட்டும் குடிக்கிறது. ஆளி யானையையே கொன்று இழுத்துப்போகும். யாருக்கும் உடம்பு வர்ணனை கிடையாது, அல்லது கைப்பிடியளவுதான். ஒவ்வொன்றுக்கும் விசித்திரமான ஒரு பழக்கம் இருக்கிறது, அந்தப் பழக்கம் மனித வாழ்க்கையில் எங்கேயோ போய் இடிக்கிறது.

அசுணத்தை இன்றைய சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கட்டடத்துக்குத் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் தரையில் இடிக்கும் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சியவை எங்கே பிழைத்திருக்கும்? எஸ்பிளனேடில் ஓசை உள்ளே புகாத கச்சேரி மண்டபத்தின் மேல்தட்டிலா? பள்ளிக்கூட இசையறையிலா? சிங்கே ஊர்வல இரவில், தீபாவளி இரவில், அதை வைத்திருக்கும் பெண் என்ன செய்வாள்? இதை இன்னும் யாரும் எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதத்தை வைத்து இங்கே நடக்கும் கதை ஒன்று எழுதுகிறேன். சரியாக வருமா?

எனக்கு மிகவும் பிடித்த பூதம், ஆகவே பதில் நீளும்.

தெரியாதவர்களுக்கு: இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். ஐந்திலும் அதிசயம் உண்டு. ஒன்றில் திருடனே தன் திருட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்து ஒடிய வெளியேற முடியாமல் சுற்றிவருவான். இன்னொன்றில் பேசாத பாவை ஒன்று, அரசன் நீதி தவறினால் கண்ணீர் விடும். பூதசதுக்கத்தில் இருப்பது நம்மாள். பொய்த்தவம் செய்வோர், கணவனுக்குத் தெரியாமல் தப்பு செய்யும் பெண்கள், நம்பினவரைக் கைவிடும் அமைச்சர், பிறன் மனைவியை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய ஆறு வகையினரும் என் கயிற்றில் விழுவார்கள் என்று நாலு காதத்துக்குக் கேட்கும்படி கத்தும். பிடித்து அடித்துத் தின்னும். காதத்துக்கு ஆளுக்கொரு கணக்கு உண்டு. பெரும்பாலான கணக்கில் பார்த்தால், நகர நடுவில் தேக்காவில் நின்று கத்தினால் கிழக்குக் கோடிச் சாங்கிக்குக் கேட்டுவிடும்.

வடிவமைப்பைக் கவனியுங்கள். இடம் உறுதி, குரலின் எல்லை உறுதி, ஆயுதம் ஒரு கயிறு, தீனி ஆறே வகை. உயரம், நிறம், பல், எதுவும் அங்கே இல்லை.

இதை இங்கே கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் முதலில் விழும் குழி ஒன்றுண்டு: அபராதப் பூதம். சூயிங்கம் தின்பவனை, சிவப்பு விளக்கில் கடப்பவனை, உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காமல் போகிறவனைப் பிடித்துத் தின்னும். எங்கள் கூட்டத்தில் இதுவரை நான்கு பேர் இதை எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கம் சிரிப்பாகத்தான் இருக்கும், இரண்டாம் பக்கத்தில் காற்றுப் போய்விடும். ஏன் என்று எனக்கும் ரொம்ப நாள் புரியவில்லை. பிறகு மூலத்தை மறுபடி வாசித்தபோது "தவமறைந்து ஒழுகும்", "அவமறைந்து ஒழுகும்" என்ற சொற்கள் கண்ணில் பட்டன. ஆறு குற்றமும் மறைவில் நடப்பவை. எந்தக் காவலனும் கண்டுபிடிக்க முடியாதவை. தட்டைத் திருப்பி வைக்காததைப் பிடிக்கப் பூதம் எதற்கு, கேமரா போதாதா? கேமராவில் விழாத குற்றம் எது என்று கேளுங்கள். அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பத்திரத்தில் நடந்தது, வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கதவு சாத்திய பிறகு நடந்தது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிரித்த முகத்தோடு பரப்பியது. பூதத்துக்குத் தீனி அங்கே இருக்கிறது.

இன்னொரு படி இருக்கிறது, அதை இளங்கோவே ஏறிக் காட்டிவிட்டார். அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் பழைய கதை ஒன்றைச் சொல்வான். ஒரு பத்தினிமேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் கயிற்றில் கட்டிவிட்டது. அவனுடைய தாய் அழுகிறாள். கோவலன் ஓடிப்போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். பூதம் மறுக்கிறது. ஒரு கயவனின் உயிருக்குப் பதிலாக நல்லவன் உயிரைக் கொள்வது தனக்கு வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, கோவலன் கண்முன்னே அவனை அடித்துத் தின்றுவிடுகிறது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தையும் பல வருடம் காப்பாற்றுகிறான்.

விதி இல்லாத மிருகத்திடம் யாரும் போய்க் கெஞ்ச முடியாது, கெஞ்சினாலும் அதற்கு அர்த்தமிருக்காது. பூதத்தின் விதி அசையாமல் நிற்பதால்தான் ஒரு மனிதன் அதில் தலையைக் கொண்டுபோய் முட்டுகிறான். உங்கள் கதையில் பூதம் யாரைத் தின்னும் என்பதை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், அடுத்து யார் வந்து விதிவிலக்குக் கேட்கப் போகிறார்கள் என்று பாருங்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் பெரிய மிருகம் எங்கே ஒளியும்? காடா மலையா?

நிஜ மிருகங்களே ஒளிந்துகொண்டுதானே இருக்கின்றன. உலகத்திலேயே நீளமான பாம்பு வகை, வலைபோல் கோலம் போட்ட மலைப்பாம்பு, நம் லோங்காங் என்ற வடிகால்களில் ஊர்கிறது. சுங்கை பூலோவில் முதலை இருக்கிறது. புக்கிட் தீமா காட்டில் கொலூகோ என்ற பிராணி, கழுத்திலிருந்து வால்வரை விரியும் தோலைக் குடைபோல் பிடித்துக்கொண்டு மரம்விட்டு மரம் நூறு மீட்டருக்கு மேல் சறுக்கும். அந்தச் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

காட்டைவிட எனக்கு ஆசை தரும் இடம் தரைக்கு அடியில் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்தபோது சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர், கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நிற்கும் நாகூர் தர்கா 1828-30 காலத்தில் கட்டப்பட்டபோது எதிரே கடல். கப்பலில் வந்திறங்கியவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடம். இன்று வாசலில் நின்றால் அலுவலகக் கட்டடங்கள்தான் தெரியும். சரி, அந்தக் கரையோரத்தில் குடியிருந்த ஏதோ ஒன்று மண்ணைக் கொட்டியபோது எழுந்து போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வரும் வரும் என்று மண்ணுக்கடியில் காத்திருக்கிறது. மதிய நேரத்தில் காப்பி வாங்க வரிசையில் நிற்கிறவர்களின் காலடியில் ஏற்றவற்றத்துக்குத் தக்கபடி மூச்சு விடுகிறது. இதற்கு உடம்பே வரைய வேண்டாம்.

டிராகன் பறப்பதற்கு அறிவியல் காரணம் கொடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் கணக்கு தெரிந்திருந்தால் நல்ல சங்கடங்கள் கிடைக்கும். ஒரு மிருகத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்கு ஆகும், எடையோ எட்டு மடங்கு. சிறகு பரப்பைச் சேர்ந்தது, சுமக்க வேண்டியது எடையை. அதனால்தான் இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 20 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகின்றன. டைனோசர் காலத்தில் வாழ்ந்த கெட்சால்கோட்லஸ் என்ற ஊர்வன வகைப் பிராணி ஏறக்குறைய பத்து மீட்டர் சிறகோடு பறந்தது, அதற்கு எலும்பெல்லாம் உள்ளீடற்ற குழல்.

ஆகவே உங்கள் டிராகன் பறக்க வேண்டுமென்றால் அது மெலிந்திருக்க வேண்டும். பசித்தால் உயரப் பறக்கும், வயிறார உண்டால் தரையைவிட்டு எழ முடியாமல் கிடக்கும். வேட்டையாடப் போகிற வீரன் எந்த நேரம் பார்த்துப் போவான் என்பது இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? தீ கக்க வேண்டுமா? பாம்பார்டியர் என்ற வண்டு வயிற்றில் இரண்டு ரசாயனங்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஆபத்து வந்தால் கலந்து, கொதிநிலைச் சூட்டில் எதிரிமேல் பீய்ச்சும். சரக்கு தீர்ந்தால் மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். கையிருப்பு எத்தனை வீச்சு என்று எண்ணக்கூடிய டிராகன்தான் எனக்குப் பயம் தரும். எண்ண முடியாதது வெறும் வாணவேடிக்கை.

தமிழனாகிய நான் மலாய், சீனப் பேய்களை எழுதலாமா?

இந்த ஊரில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கு வாழைமரத்துப் பொந்தியானாக் பேயைத் தெரியாது? நம்மவர்கள் அடுக்குமாடி புளோக்கிலும் லிஃப்டிலும் அது வரத்தான் செய்கிறது. எழுதுங்கள், ஆனால் அதன் விதிகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தோயோல் என்ற குட்டிப் பேயை வளர்ப்பவனுக்கு அது காசு திருடிக் கொண்டுவரும். ஆனால் அது குழந்தை. கோலிக் குண்டைத் தரையில் போட்டால் விளையாட உட்கார்ந்து வேலையை மறந்துவிடும். பெனாங்கலான் தலையும் குடலுமாக இரவில் பறக்கும், ஆகவே சன்னலில் முள் இலையைக் கட்டினால் குடல் மாட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிப்போகும். இவையெல்லாம் யாரோ பாட்டிமார்கள் கவனமாக யோசித்து வைத்தவை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு நீள்முடி, வெள்ளைச் சேலை, அலறல் என்று எழுதினால் அந்தப் பாட்டிமார் சிரிப்பார்கள்.

பாடாங் என்ற பலசாலியின் கதையையும் தேடிப் பிடியுங்கள். மீன்பிடிக்கும் அடிமை, தன் பொறியிலிருந்து மீனைத் திருடித் தின்னும் ஆற்றுப் பூதத்தைப் பிடித்துவிடுகிறான். விட்டுவிடு, வேண்டியதைத் தருகிறேன் என்கிறது. அவன் பலம் கேட்கிறான். சரி, என் வாந்தியைத் தின் என்கிறது பூதம். தின்கிறான். அந்தப் பலத்தில்தான் பின்னால் கலிங்க நாட்டிலிருந்து வந்த மல்லனைத் தோற்கடித்துப் பெரும் பாறையை ஆற்றுமுகத்துக்கு வீசினான் என்கிறது கதை. அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், ஒரு துண்டு மட்டும் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. வரம் கொடுக்கும் பூதங்கள் ஆயிரம் படித்திருக்கிறேன், இப்படி ஒரு விலை கேட்ட பூதம் வேறு இல்லை.

சாமி, வாகனம், காவல்தெய்வம், இவர்களை மாற்றி எழுதலாமா?

நான் வைத்திருக்கும் அளவுகோல் கற்பூரம். கற்பூரம் காட்டப்படுவதை நான் அரக்கனாக்குவதில்லை. தூணில் நிற்கும் யாளிக்கு யாரும் காட்டுவதில்லை, கருடனுக்குக் காட்டுகிறார்கள். முனீஸ்வரனைப் பேய்போல் எழுதிக் கொண்டுவந்த ஒருவரிடம், குயின்ஸ்டவுனில் ரயில்வே தொழிலாளிகள் கும்பிட்டு வளர்த்த கோயில் இருக்கிறது, ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள் என்றேன். போய்விட்டு வந்து முனியைக் காவலாளியாக மாற்றினார். கதையும் பிழைத்தது.

பெயர் எப்படி வைப்பது?

தமிழ் பழகிய வழி, செய்யும் வேலையைச் சொல்வது. மரங்கொத்தி, மீன்கொத்தி, எறும்புதின்னி. மலாயிலும் உண்டு: ஆங்கிலேயர் பாங்கோலின் என்று சொல்வது, சுருண்டுகொள்வது என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஸகரமும் ஜகரமும் நிரம்பிய ஐந்தெழுத்துப் பெயர்களைக் கண்டால் எனக்கு மருந்துக் கடை ஞாபகம் வருகிறது. உங்கள் மிருகத்தைத் தினமும் பார்க்கும் கோப்பிக்கடைக்காரர் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? அதுதான் பெயர்.

எவ்வளவு வர்ணிக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதில் கால்வாசி. முழு உடம்பைக் காட்டுவதற்கு முன், அது இருந்துவிட்டுப் போன அடையாளத்தைக் காட்டுங்கள். ஈரம், வாடை, காணாமல் போன ஒரு புறா.

மிருகம் பேசலாமா?

பேசலாம். ஆனால் ராஜா ராணி நாடக வசனம் வேண்டாம். இருநூறு வருடம் இந்த ஊரில் கிடந்த பிராணி தமிழோடு மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்துதான் பேசும்.

கணினியிடம் சொன்னால் நொடியில் பத்து மிருகம் வரைந்து கொடுக்கிறதே, அதிலிருந்து எழுதினால் என்ன?

என்ன தப்பு, எழுதுங்கள். படம் உடம்பைத்தான் கொடுக்கும், அதுவும் பளபளவென்று. அந்தப் படத்திலிருப்பது காலையில் எழுந்ததும் என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: முதலிலேயே அவ்வளவு விவரமான படத்தைப் பார்த்துவிட்டால், பிறகு எழுதுவதெல்லாம் படத்துக்கு விளக்கவுரையாகப் போய்விடுகிறது. எங்கள் பிள்ளைகளிடம் படத்தைக் கடைசியில் போடச் சொல்கிறேன். கேட்பதில்லை.

நேரில் போய்ப் பார்த்துப் பழக இடங்கள்?

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827இல் தோன்றியது, இங்குள்ள இந்துக் கோயில்களில் மூத்தது. கோபுரத்தில் தெய்வங்களுக்கு நடுவே காக்கிச் சட்டைச் சிப்பாய்களைத் தேடுங்கள். சிற்பி தன் காலத்து ஊரில் கண்டதையும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார், நாமும் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம். ஹாவ் பார் வில்லாவில் மனிதத் தலை வைத்த நண்டு இருக்கிறது. 1937இல் அமைத்த தோட்டம், பத்து நரக மண்டபங்கள் வேறு. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் இரவு தூக்கம் உங்கள் பொறுப்பு. லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 2015இல் ஜூரோங் தீவருகே செத்து மிதந்த 10.6 மீட்டர் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. அதன் அடியில் நின்று நாடாப் பிடித்ததுபோல் கண்ணால் அளந்து பாருங்கள். 'ராட்சத' என்று இனி லேசில் எழுத மாட்டீர்கள்.

என் மிருகம் தயார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கக்கூஸ் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்த எட்டுக்கால் மிருகத்தை இந்த வருடம் மறுபடி எழுத எடுத்தேன். கால் நான்காகிவிட்டது, கொம்பும் முள்ளும் போய்விட்டன, வால் கண்ணை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். அது பழைய காங்கிரீட்டைத் தின்கிறது. இடிக்கப் போகிற வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகளின் வாசம் அதற்கு ஐந்தாறு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும், ஆகவே அது வந்து படுக்கிற புளோக்கில் குடியிருப்பவர்கள் கலங்கிப்போய்த் தொகுதி எம்.பி.யைப் பார்க்க ஓடுகிறார்கள். வெளியே போவது சுத்தமான மணல். கடலைத் தூர்க்க மணலை வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஊர் நமது என்பதால் அதை விரட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை. மாதம் இருமுறை லாரியில் ஏற்றித் துவாஸ் கரைக்குக் கூட்டிப்போய்விட்டு வருகிறார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லாரி ஓட்டுறவருக்கு அதைப் பிடிக்குமா அங்கிள்?" என்றாள். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.